காக்கி உத்தரியம்

போன மாதம் நம் பங்குக் கோயிலில் எண்பது வயதைத் தாண்டியவர்களை மேடையேற்றிச் சால்வை போர்த்தினார்கள். உங்களில் நாலைந்து பேர் என்னோடு அந்த மேடையில் உட்கார்ந்திருந்தீர்கள். பங்குச் சாமியாருக்கு என் பேரன் வயது. அவர் மைக்கைப் பிடித்து, "நம்ம ஹெட்மாஸ்டர் ஐயாவுக்கு மோட்சத்துல சீட்டு கன்ஃபார்ம் ஆயிருச்சு, வெயிட்டிங் லிஸ்ட்டெல்லாம் நமக்குத்தான்" என்றார். எல்லாரும் கைதட்டினீர்கள். நானும் சிரித்தேன். சட்டைக்குள்ளே என் கழுத்தில் கிடந்த உத்தரியம் வேர்வையில் நனைந்து அரித்துக்கொண்டிருந்தது.

அந்தக் கைதட்டலைத் திருப்பிக் கொடுக்கவே இதை எழுதுகிறேன். அடக்கத்துக்காகச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் கழித்தவன், அதன்பிறகு ஞாயிறுதோறும் வாசகம் வாசித்தவன். எழுத்து எனக்கு வரும். வரும் என்பதாலேயே இத்தனை காலம் எழுதவில்லை. நன்றாக எழுதிவிட்டால் மன்னிப்புக் கிடைத்ததுபோல் ஆகிவிடுமோ என்று பயம்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை அது. கோயிலுக்குப் பின்தெருவில் எங்கள் வீடு. அப்பா எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர். கோயிலில் மாதா சபைக்கும் அவர்தான் தலைவர். அவர் தெருவில் வந்தால் பீடி பிடிப்பவர்கள் கையைப் பின்னால் மறைப்பார்கள். அந்த வருடம் சாம்பல் புதன் கழிந்த இரண்டாவது வாரம், எங்கள் வாசலில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. வைக்கோல் மெத்தையில் அத்தை படுத்திருந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. அதற்கு முன் அவளை நான் பார்த்ததில்லை. வீட்டில் அவள் பேச்சே எடுக்கமாட்டார்கள்.

அத்தை இருபத்திரண்டு வயதில் ரெட்டியார்சத்திரம் பக்கத்துப் பூந்தோட்டக்காரர் ஒருவரோடு போய்விட்டவள். அவர் இந்து. அவர்கள் ஊர் அம்மன் கோயிலில் தாலி கட்டிக்கொண்டார்கள். பன்னிரண்டு வருடம் குடும்பம் நடத்தினார்கள். குழந்தை இல்லை. வயிற்றில் கட்டி வந்து, மதுரை ஆஸ்பத்திரியிலும் கைவிரித்தபிறகு, நம் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கிச் சாகவேண்டும், நம் கல்லறைத் தோட்டத்தில் கிடக்கவேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அந்த மாமாவே வண்டி பூட்டிக் கொண்டுவந்து விட்டார்.

அப்போதிருந்த சாமியார் வயதானவர். திருச்சபைச் சட்டப்படி அந்த மனிதரை விட்டுப் பிரிவதாக அத்தை வாக்குக் கொடுத்தால்தான் பாவமன்னிப்பு என்றார். அத்தை, "கட்டில விட்டு எந்திரிக்கவே முடியல சாமி, இனி என்னத்தப் பிரியிறது?" என்றாளாம். சாமியாரும் சிரித்துவிட்டு மன்னிப்புக் கொடுத்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. சாமியார் வைக்காத நிபந்தனை ஒன்றை அவர் வைத்தார். அந்த ஆள் வாசற்படி மிதிக்கக் கூடாது.

அதனால் மாமா சன்னலுக்கு வந்தார். வெள்ளிக்கிழமை காலையில் திண்டுக்கல் சந்தையில் பூவை இறக்கிவிட்டு, வண்டியை எங்கள் வீட்டுப் பக்கச் சந்தில் நிறுத்துவார். அத்தை படுத்திருந்த பின்அறைச் சன்னலுக்கு வெளியே ஓர் உடைந்த ஆட்டுக்கல் கிடந்தது. அதில் உட்கார்ந்து கம்பி வழியாகப் பேசுவார். இரண்டு இளநீரும் ஒரு பிடி மருக்கொழுந்தும் கொண்டுவருவார். மருக்கொழுந்தை அத்தை தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வாள். அந்த அறையின் டிங்சர் நாற்றத்துக்கும் வேர்வைக்கும் மேலே அந்த வாசனைதான் நிற்கும். அப்பா பள்ளி வேலையாகப் போயிருக்கும் நேரம். அம்மா கண்டும் காணாமல் அடுப்படியில் இருப்பாள்.

உத்தரியம் என்றால் உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. தீப்பெட்டி அளவில் இரண்டு பழுப்புக் கம்பளித் துண்டுகள். ஒன்று நெஞ்சிலும் மற்றது முதுகிலும் கிடக்கும்படி இரண்டு கயிற்றால் இணைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வது. முன்துண்டில் கார்மேல் மாதா படம் இருக்கும். அதை அணிந்தபடி சாகிறவர்கள் அவியாத நெருப்பில் விழமாட்டார்கள் என்பது மாதா கொடுத்த வாக்கு என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். முதன்முதலாகப் புதுநன்மை வாங்கும் நாளில் சாமியார் மந்திரித்துப் போட்டுவிடுவார்.

அத்தை தன் உத்தரியத்தை அந்த வீட்டுக்குப் போனபிறகும் கழற்றவில்லை. கயிறு இற்றுப்போனபோதெல்லாம் மாமாதான் பூக்கட்டும் நூலை நாலாக முறுக்கி மாற்றிக் கொடுத்திருக்கிறார். கம்பளி தேய்ந்து மாதாவின் முகம் பாதி அழிந்திருந்தது. அதிலும் மருக்கொழுந்து வாசனைதான்.

அந்தக் கோடையில் எனக்குப் புதுநன்மை வகுப்பு. உபதேசியார் கோயில் வராந்தாவில் எங்களை வரிசையாக உட்காரவைத்துக் கேள்வி பதில் ஒப்பிக்கவைப்பார். மூக்குப்பொடி போடுவார். தும்மல் வரும்போது மட்டும் பிரம்பைக் கீழே வைப்பார். நரகம் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் நன்றாக இருக்கும். மோட்சத்தை அவர் இரண்டே வரியில் முடித்துவிடுவார். ஒருநாள் உத்தரியத்தின் வாக்கை விளக்கி முடித்ததும் நான் எழுந்து, அடுத்தவர் உத்தரியத்தைப் போட்டுக்கொண்டு செத்தால் அந்த வாக்குச் செல்லுமா என்று கேட்டேன்.

"ஏலே, மொதல்ல நீ சாகு. பெறகு கேளு" என்றார் உபதேசியார்.

வகுப்பே சிரித்தது. நானும் உட்கார்ந்துவிட்டேன். நான் கேட்டது விளையாட்டுக்கு அல்ல என்பது அவருக்குத் தெரியாது.

ஊருக்கு மேற்கே கத்தரித் தோட்டத்தில் ஒரு பெரிய கிணறு இருந்தது. தெருப் பையன்களெல்லாம் அந்தக் கோடையில் அங்கேதான் நீச்சல் பழகினார்கள். முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கயிற்றால் கட்டிக்கொண்டு குதிக்கவேண்டும். நான் மட்டும் மேலே நின்று மற்றவர்கள் சட்டைக்குக் காவல் இருப்பேன். பக்கத்து வீட்டுப் பையன் என்னைவிட ஒரு வயது இளையவன். அவன் தண்ணீரிலிருந்து என்னைப் பார்த்து, "எட்மாஸ்டர் மகன் தீர்த்தத் தொட்டியிலதான்டா நீச்சலடிப்பான்" என்று கத்துவான். இரண்டு வருடத்துக்கு முன் அந்தக் கிணற்றில் ஒரு பையன் செத்திருந்தான். எனக்குத் தண்ணீர் பயமில்லை. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் செத்தால் எங்கே போவேன் என்பதுதான் பயம். எனக்கு இன்னும் புதுநன்மை ஆகவில்லை; உத்தரியமும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அம்மா அத்தைக்கு ஈரத்துணியால் உடம்பு துடைத்துவிட்டாள். அப்போது உத்தரியத்தைக் கழற்றிச் சன்னல் ஆணியில் மாட்டினாள். பிறகு கஞ்சி பொங்கி வழிந்ததென்று அடுப்படிக்கு ஓடினாள். அத்தை கண்ணை மூடிக் கிடந்தாள். நான் எட்டி எடுத்து டவுசர் பைக்குள் வைத்துக்கொண்டேன். மத்தியானத்துக்குள் திரும்பக் கொண்டுவந்து மாட்டிவிடுவதாகத்தான் எண்ணம்.

கிணற்று மேட்டில் சட்டையைக் கழற்றி உத்தரியத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். அதன்மேல் சுரைக்குடுக்கையைக் கட்டினார்கள். வாழ்க்கையில் அந்த ஒரு நிமிடம்தான் எனக்குச் சாவைப் பற்றிப் பயமே இல்லாமல் இருந்தது. இதை எழுதும்போதும் அந்த நிமிடத்தின் சுகம் ஞாபகம் வருகிறது. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. குதித்தேன். மூக்கில் தண்ணீர் ஏறியது. மேலே வந்து கையைக் காலை உதைத்தேன். எல்லாரும் கூச்சல் போட்டார்கள். குடுக்கைக் கயிறு உத்தரியக் கயிற்றோடு சிக்கியிருக்கிறது. நான் கல்படியைப் பிடிக்க எம்பியபோது பூக்கட்டும் நூல் அறுந்தது. கம்பளித் துண்டு இரண்டும் ஒன்றை ஒன்று தொட்டபடி பச்சைத் தண்ணீருக்குள் இறங்குவதைப் பார்த்தேன். நனைந்த கம்பளி இத்தனை சீக்கிரம் முழுகும் என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்தபோது மாமா வந்துபோயிருந்தார். அம்மா ஆணியைப் பார்த்தபடி நின்றிருந்தாள். ஆணி, சன்னலுக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர் கைக்கு எட்டும் தூரம்.

சாயங்காலம் அப்பா வந்ததும் அம்மா சொன்னாள். அப்பாவுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஆள் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். உத்தரியம் இல்லாவிட்டால் இவள் மனம் கலங்கித் தோட்டத்துக்கே திரும்பிவிடுவாள், செத்தபிறகு அங்கேயே எரித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறான். இல்லையென்றால் இவளே எடுத்துக் கொடுத்திருக்கிறாள். இரண்டில் ஒன்று. மூன்றாவது ஒன்று தன் வீட்டுக்குள், தன் பிள்ளை ரூபத்தில் கிணற்றுத் தண்ணீர் காய்ந்த தலையோடு நிற்கிறது என்று அவருக்குத் தோன்றவில்லை.

அத்தை அன்றைக்கு அழுதாள். மறுநாளும் அழுதாள். நரகத்துக்குப் பயந்து அழுகிறாள் என்றுதான் நானும் நினைத்தேன். அம்மா வேறு உத்தரியம் வாங்கிவரலாமா என்று மெதுவாகக் கேட்டாள். பழையது எங்கே போனது என்று அவள் வாயால் சொல்லட்டும், புதியதைக் கொடுத்தால் அதுவும் அவன் கைக்குத்தான் போகும் என்றார் அப்பா.

அத்தை சொன்னதை அம்மா அப்பாவிடம் சொல்ல, அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்டேன். அத்தை சொன்னது இதுதான்.

"கயிறு போனாப் போகுது மதினி. கயிறு இல்லேன்னா ஆண்டவருக்கு என்னைய அடையாளம் தெரியாதாக்கும்? அவுகள மட்டும் வரவேணாம்னு சொல்லிராதீக."

அப்பா அதைக் கேட்டுச் செபமாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மோட்சத்தைவிட அந்த ஆள்தான் பெரிது என்று அவள் வாயாலேயே வந்துவிட்டது பார் என்றார். மறுநாள் வகுப்பில் உபதேசியார், பரிசுத்த ஆவிக்கு விரோதமான பாவங்களில் மிதமிஞ்சின நம்பிக்கையும் ஒன்று என்று சொல்லிக்கொடுத்தார். மனம் திரும்பாமலே மோட்சம் கிடைத்துவிடும் என்று தைரியமாக இருப்பது. சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டு விஷயம் அவருக்கு எட்டியிருந்தது. என்னை அல்ல, அத்தையைத்தான் நினைத்துச் சொன்னார். அந்த வகுப்பில் அந்தப் பாவத்தைச் செய்துகொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா வீட்டில் இருந்தார். மாமா சந்துக்குள் திரும்பும்போதே போய் மறித்தார். நான் வாசலில் நின்றேன். அப்பா குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் தப்பு செய்தவனிடம் பேசுவதுபோல் பேசினார். திருட்டுப் பயலுக்கு இந்தச் சந்தில் வேலையில்லை என்றார். மாமாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். பூக்காம்பின் சாயம் ஏறிக் கறுத்துப்போன விரல்கள். "நான் எடுக்கலங்கய்யா. நான் கட்டிக் குடுத்த கயித்த நான் எதுக்கு எடுக்கப்போறேன்?" என்றார். அப்பா திரும்பி நடந்தார். மாமா இளநீரையும் மருக்கொழுந்தையும் எங்கள் வாசல் ஓரம் வைத்துவிட்டு, எதிரே வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திக்கொண்டு வெயில் உச்சிக்கு வரும்வரை இருந்தார். காளைகள் தலையை ஆட்டும்போது கழுத்துமணி கேட்டுக்கொண்டிருந்தது. பின்அறைக்கும் கேட்டிருக்கும். மருக்கொழுந்தை அப்பா எடுத்துப் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டார்.

எனக்கு அந்த மணிச் சத்தம்தான் தாங்கவில்லை. சொல்லிவிடலாம் என்று அப்பா அருகே இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் அவர் என் தலையைத் தடவி, மந்திரமெல்லாம் பாடமா என்று கேட்டார். பாடம் என்றேன்.

பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் பழைய காக்கி டவுசரின் உள்மடிப்பில் இரண்டு துண்டு வெட்டினேன். கோயில் காலண்டர் ஓரத்தில் சின்னதாக ஒரு மாதா படம் இருந்தது. கார்மேல் மாதா அல்ல, வேறு மாதா. அதை வெட்டிச் சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன். கயிற்றுக்குப் பம்பரச் சாட்டையைப் பிரித்துத் துவைத்தேன். காக்கி கொஞ்சம் பழுப்பாகத்தானே இருக்கிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை அம்மா தண்ணீருக்குப் போயிருந்தபோது அதை எடுத்துக்கொண்டு அத்தையிடம் போனேன்.

அவள் இளைத்துப்போயிருந்தாள். கண் மட்டும் பெரிதாக இருந்தது. உத்தரியம் கிடைத்துவிட்டது என்று நீட்டினேன். வாங்கிப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தாள். முகர்ந்தாள்.

"எங்க கெடந்துச்சு?"

"கட்டிலுக்கு அடியில."

"கட்டிலுக்கு அடியில கெடந்து காக்கியா மாறிருச்சாக்கும்." அவள் உதட்டில் சிரிப்பு வந்தது. "எந்த டவுசர்ல வெட்டின? ஒங்காத்தா பாத்தா தோல உரிச்சிருவாளே மருமகனே."

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். கை சுட்டது.

"அப்பு, நெசத்தச் சொல்லு. நீ எடுத்திருந்தா எடுத்தேன்னு சொல்லிரு. அது கெடக்குது, கயிறு. நீ சொன்னாத்தான் மாமா வந்துட்டுப் போகமுடியும். அடி விழுகாம நான் பாத்துக்கிறேன்."

இதைவிடச் சுலபமாக யாரும் எனக்கு வழி விட்டதில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ பாவசங்கீர்த்தனத் தொட்டிகளில் முழந்தாளிட்டிருக்கிறேன். ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை.

"நான் எடுக்கல அத்தை. இதான் ஒங்க உத்தரியம். சேசு சத்தியமா."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை விட்டாள்.

"சரி. அப்ப இதுதான். போட்டுவிடு."

தலையைத் தூக்க அவளால் முடியவில்லை. ஒரு கையால் தாங்கி, மறு கையால் பம்பரக் கயிற்றைக் கழுத்தில் மாட்டினேன். காக்கித் துண்டை ரவிக்கைக்குள் தள்ளி மறைத்துக்கொண்டாள். செத்த நேரம் உட்கார்ந்துவிட்டுப் போ என்றாள். நான் உட்காரவில்லை. வேலை இருப்பதுபோல் வெளியே ஓடிவிட்டேன்.

அதை அவள் யாரிடமும் காட்டவில்லை. காட்டியிருந்தால் நான் அகப்பட்டிருப்பேன். மாமாவும் சன்னலுக்கு வந்திருப்பார். அவள் இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தாளா, பார்த்து என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை மறுபடியும் வேப்பமரத்தடியில் மணி கேட்டது. அத்தை அன்றைக்கு அழவில்லை என்று அம்மா சொன்னாள். சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிவைக்கச் சொல்லி, மணி ஓய்கிற வரையில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய பூசை நேரத்தில் செத்துப்போனாள். அம்மா மட்டும் கூட இருந்தாள். பயமில்லை, புலம்பலில்லை, தூங்குகிறவள்போலப் போனாள் என்று சொன்னாள். இதைச் சொன்னபோது அம்மாவின் முகத்தில் இருந்த ஆச்சரியம் கொஞ்ச நேரம்தான் நீடித்தது. குளிப்பாட்டும்போது பெண்கள் காக்கித் துணியைக் கண்டார்கள்.

அசலை அவனுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, கேட்டால் காட்டுவதற்காக ஒரு போலியைத் தைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். பிறர் முடிவு அதுதான். அவள் பயமில்லாமல் செத்ததுகூட இப்போது குற்றமாகிவிட்டது. மனசு கல்லானவளுக்குத்தான் பயம் இருக்காது என்றார் உபதேசியார். அப்பா கூடத்தில் நின்று, "பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லுல பொறந்தவளாச்சே. மோட்சத்துக்கே கள்ளச்சாவி அடிச்சுட்டா" என்றார். துக்கத்துக்கு வந்தவர்களில் ஒன்றிரண்டு பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

அதோடு புதைத்தால் குடும்பத்துக்குக் கேவலம் என்று அம்மா கயிற்றை வெட்டி அடுப்பில் போட்டாள். என் பம்பரச் சாட்டை எரியும்போது சுருண்டதைப் பார்த்தேன். சாமியார் மட்டும் ஒன்றும் சொல்லாமல் முழுச் சடங்கோடு அடக்கம் செய்தார். மதில் ஓரத்தில் இடம். கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வெளியே மாமா காளைகளைப் பிடித்தபடி நின்றார். உள்ளே வரச் சொல்ல ஆளில்லை.

பள்ளி திறக்கும் முன் அம்மா என் டவுசர்களை எடுத்து உதறிப் பார்த்தாள். காக்கி டவுசரின் உள்மடிப்பில் சதுரமாக இரண்டு ஓட்டை. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒட்டுப் போட்டுத் தைத்தாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை. கள்ளச்சாவிக் கதையை அப்பா பிற்பாடு எத்தனையோ கல்யாண வீட்டிலும் கல்லறைத் திருநாளிலும் சொல்லியிருக்கிறார். அவர் ஆரம்பித்ததும் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அடக்கம் முடிந்த இரண்டாம் ஞாயிறு எனக்குப் புதுநன்மை. முந்தின நாள் பாவசங்கீர்த்தனத்தில், சீனி திருடினேன், மந்திரம் சொல்லாமல் தூங்கினேன், பொய் சொன்னேன் மூன்று தரம் என்று ஒப்பித்தேன். என்ன பொய் என்று சாமியார் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. பாவத்தை மறைத்து நன்மை வாங்குகிறவன் தன் ஆக்கினைத் தீர்ப்பைத்தான் வாங்குகிறான் என்று உபதேசியார் தும்மலுக்கு நடுவே சொல்லியிருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் பூச்சுற்றிய மெழுகுதிரி. நன்மை நாக்கில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. பூசை முடிந்ததும் சாமியார் எனக்குப் புது உத்தரியம் போட்டார். அசல் கம்பளி. உபதேசியார் என் தோளைத் தட்டி, "இனி ஒனக்குப் பயமில்லடா" என்றார். அப்பா கண் கலங்கினார். வீட்டில் ஒருத்தி கெட்டுப்போனாலும் ஒருவனாவது தேறினானே என்று அவருக்கு.

இருபத்திரண்டு வயதில், ஆசிரியர் பயிற்சி முடித்த சமயம், திருச்சியில் என்னை அறியாத ஒரு சாமியாரிடம் முழுவதையும் சொன்னேன். அவர் பாவமன்னிப்புக் கொடுத்தார். செத்தவளிடம் நீ ஒன்றும் செய்ய முடியாது, உயிரோடு இருக்கிறவர் பெயரைத் திருப்பிக்கொடு என்றார். அபராதம் அது ஒன்றுதான். திண்டுக்கல்லிலிருந்து ரெட்டியார்சத்திரத்துக்கு மணிக்கொரு பஸ். நான் போகவில்லை. அப்பா உயிரோடு இருக்கும்வரை வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்றேன். அப்பா போனபிறகு, அம்மா இருக்கும்வரை வேண்டாம் என்றேன்.

நான் போகாததால் மாமாவே என் எதிரில் வந்தார். எனக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். என் மூத்தவளுக்குப் புதுநன்மை என்று பூச்சந்தையில் மாலை வாங்க நின்றேன். மருக்கொழுந்துக் கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கிழவர் என்னையே பார்த்தார்.

"வாத்தியாரய்யா, நீங்க அவ அண்ணன் மகன்தான?"

ஆமாம் என்றேன். அவர் எழுந்து நின்றார். ஊர் நிலவரம், மழை நிலவரம் எதுவும் கேட்கவில்லை.

"அந்தக் கயிறு பெறகு கெடச்சுச்சாய்யா?"

அங்கே சொல்லியிருக்கலாம். சுற்றிலும் ஏலச் சத்தம். வேறு யார் காதிலும் விழுந்திருக்காது.

"கெடச்சிருச்சு மாமா."

"அதோடதான் அடக்கம் பண்ணீகளா?"

"ஆமா மாமா."

"அப்ப நான் எடுக்கலன்னு அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"தெரியும் மாமா."

அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். "அது போதும்யா. அது இல்லாமப் போயிட்டாளோன்னு இத்தன வருசமா எனக்குத் தூக்கமில்ல. ஒங்க சாமி எனக்குத் தெரியாது. அவ எங்க போகணும்னு நெனச்சாளோ அங்க போயிருந்தாச் சரி." ஒரு பெரிய கட்டு மருக்கொழுந்தை என் பையில் திணித்தார். அடுத்த வருடம் அந்த இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தான். நான் விசாரிக்கவில்லை.

இப்போது சொல்வதற்கு எவரும் மிச்சமில்லை. மதில் ஓரத்து இடத்தில் அத்தைக்குப் பிறகு இரண்டு பேரை வைத்துவிட்டார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். கள்ளச்சாவிக் கதையை என் அப்பா வாயால் கேட்டுச் சிரித்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். அது கதை அல்ல. அந்தச் சாவியை அடித்தவன் நான். மாமா எதையும் எடுக்கவில்லை.

முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். உண்மையான நம்பிக்கை எது, மிதமிஞ்சின நம்பிக்கை எது என்று கரும்பலகையில் கோடு போட்டுப் பிரித்துக் காட்டியிருக்கிறேன். அத்தைக்கு எதில் அத்தனை உறுதி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அந்தத் துணியில் இல்லை என்பதற்கு மட்டும் நான் சாட்சி. துணி பொய் என்று அவளுக்குத் தெரியும். கொடுத்தவன் பொய்யன் என்றும் தெரியும். தெரிந்தேதான் கழுத்தை நீட்டினாள். என் துணி அசல். இற்றுப்போகும் முன்பே மாற்றி மாற்றி எழுபது வருடமாகப் போட்டிருக்கிறேன். அதைத் தொட்டுப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. தொட்டாலும் சரியாக வருவதில்லை. மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று சட்டம் சொல்கிறது. நம்புகிறேன். ஆனால் எங்கள் வீட்டுச் சந்தில் ஒருவர் விரித்துக் காட்டிய கை எனக்குத் தெரிந்துகொண்டே இருக்கிறது.

சீக்கிரம் ஒருநாள் உங்களில் ஒருவர் என் உடம்பைக் கழுவ வருவீர்கள். கழுத்தில் பழுப்புக் கம்பளி கிடக்கும். மாதா முகம்கூடத் தெளிவாக இருக்கும். கூடத்தில் காத்திருப்பவர்களிடம் போய், "ஐயா நல்ல சாவு, உத்தரியத்தோட போயிருக்கார்" என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். அதைக் கழற்றிச் சன்னலில் ஓர் ஆணி இருந்தால் மாட்டிவிட்டு, என்னை அப்படியே தூக்கிக்கொண்டு போங்கள். என்னை அடையாளம் தெரிகிறதா இல்லையா என்பதை ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும்.